பாட மாட்டேன் என்றவர் மடியில் கிடாரை வைத்தேன்

சின்ன வயதிலேயே வந்துவிட்டுப் போனால் நல்லது என்று சொல்லக்கூடிய நோய்கள் சில உண்டு. பொன்னுக்கு வீங்கி ஒன்று. ரசிகப் பைத்தியம் இன்னொன்று. பதினாறு வயதில் வந்தால் சுவரில் நாலு படம் ஒட்டி, தியேட்டர் வாசலில் தொண்டை கிழியக் கத்தி, கொஞ்ச நாளில் தானாகத் தெளிந்துவிடும். இளையான்குடியில் என் கூட்டாளிகள் எல்லோருக்கும் அப்படித்தான் வந்து போனது. அவர்கள் நடிகர்களுக்காகச் சட்டையைக் கிழித்துக்கொண்டு சண்டை போட்ட நாட்களில் நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். (என் அத்தா அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அவசரப்பட்டுவிட்டார், பாவம்.) எனக்கு அந்தப் பைத்தியம் முப்பத்துநான்கு வயதில், அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில், கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டுக் காத்திருந்தபோது வந்தது. பெரியவனான பிறகு வந்தால் வீக்கம் அதிகம்.

யார் மேல் வந்தது என்பதுதான் வேடிக்கை. டாக்கெட் என்று ஒரு கன்ட்ரி (அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு) பாடகர். டெக்ஸஸ்காரர். தலையில் தொப்பி, கையில் கிடார், பாதி மூக்கிலும் மீதி தொண்டையிலும் வருகிற ஒரு குரல். (பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். அவர் பேரன் பேத்திகள் நன்றாக இருக்கட்டும்.) அவர் புகழோடு இருந்ததெல்லாம் நான் டவுசர் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில். எனக்கு அவர் கிடைத்தது, நான் வாங்கிய பழைய காரின் ரேடியோ பட்டன் உடைந்து ஒரே ஸ்டேஷனில் நின்றுபோனதால். அந்த ஸ்டேஷனில் பொழுதன்றைக்கும் பழைய கன்ட்ரி பாட்டுதான். ஆபீஸுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், ஃப்ரீவேயில் நானும் டாக்கெட்டும் மட்டும்.

முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாதம் கேட்க ஆரம்பித்தேன். நம் பாட்டுகளில் காதலி போய்விட்டால் நிலாவைத் திட்டுவார்கள், தென்றலைத் திட்டுவார்கள். இந்த மனிதர் காதலி போனதோடு வண்டி ஸ்டார்ட் ஆகாததையும், திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டியதையும் சேர்த்துப் பாடினார். ஒரு பாட்டில் ஒருத்தன் வீட்டில் யாரும் இல்லாமல், அடுப்படிச் சிங்க் பக்கத்தில் நின்றுகொண்டே சட்டியிலிருந்து வழித்துச் சாப்பிடுகிறான். அப்போது என் மனைவி ஷமீமாவும் மகள் ஆயிஷாவும் விசா கிடைக்காமல் ஊரில் இருந்தார்கள். நானும் தினமும் அப்படி நின்றுகொண்டுதான் சாப்பிட்டேன். அந்தப் பாட்டை முதல்முறை கேட்ட அன்று ஃப்ரீவே ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

ஷமீமாவும் ஆயிஷாவும் வந்து சேர்ந்த பிறகும் பைத்தியம் தெளியவில்லை. ஆபீஸில் பக்கத்து கியூபிக்கிளில் இருந்த கேரி என்பவர், நான் டாக்கெட் பாட்டை முனகுவதைக் கேட்டுவிட்டு (அது டாக்கெட் பாட்டுதான் என்று நான் சொன்ன பிறகே அவருக்குத் தெரிந்தது), 'எங்க கூட்டத்துக்கு வாயேன்' என்று அழைத்தார்.

கூட்டம் என்றால் டாக்கெட் ரசிகர்கள் வட்டம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், டார்லீன் என்ற அம்மாளின் வீட்டு கராஜில் கூடுவார்கள். கார்களை வெளியே விட்டு, மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஆளாளுக்கு ஒரு டிஷ் கொண்டுவருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராக டாக்கெட்டைப் பற்றி ஒரு ஞாபகம் சொல்ல வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒவ்வொரு ஞாபகத்துக்குப் பிறகும் என்னைத் தவிர எல்லோரும் கிடாரை எடுத்து ஒரு பாட்டு. அவ்வளவுதான். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது.

பஸ் ஓட்டி ரிட்டையர் ஆன ஒருவர், மழையில் கரண்ட் போய் மைக் செத்துவிட்ட ஒரு திருவிழாவைச் சொல்வார். டாக்கெட் மேடையை விட்டு இறங்கி, நனைந்த ஜனங்களுக்கு நடுவில் நடந்துகொண்டே பாடினாராம். இன்னொருவர், 'டைவர்ஸ்ல வீடு அவளுக்கு, டாக்கெட் கேசட்டெல்லாம் எனக்கு. வக்கீல் என்னைப் பாவம்னு பார்த்தான். ஜெயிச்சது நான்தான்னு அவனுக்குத் தெரியல' என்பார். கேரி ஒருமுறை பெட்ரோல் பங்கில் டாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் சிக்கிக்கொண்டு, கடைசியில் 'வண்டி நல்லா இருக்கு சார்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். (இவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் டெக்ஸஸ்காரர்களின் இங்கிலீஷ் என் காதில் எப்போதும் இளையான்குடித் தமிழாகத்தான் விழும். அப்படியே எழுதிவிடுகிறேன்.) நான் என் அடுப்படிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள். அன்றிலிருந்து நானும் அந்த வட்டத்தில் ஒருத்தன்.

டார்லீன் மட்டும் எதுவும் சொன்னதில்லை. அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூட கேன்டீனை வருஷக்கணக்கில் கட்டி மேய்த்தவர், வட்டத்தை ஆரம்பித்ததே அவர்தான். அவர் முறை வரும்போதெல்லாம், 'என்கிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா அதை அந்த மனுஷனை நேர்ல உட்கார வச்சுத்தான் சொல்லுவேன்' என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கை காட்டிவிடுவார். அது என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

டாக்கெட் அப்போது பாடுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தெற்கே எங்கோ நாலு மாடுகளோடு ஒரு சின்னப் பண்ணையில் இருந்தார். பேட்டி கிடையாது, மேடை கிடையாது. டார்லீன் அவருடைய மகளைப் பிடித்து, போன் மேல் போன் போட்டு, கடைசியில் ஒரு சனிக்கிழமை சாதித்தே விட்டார். கராஜில் எழுந்து நின்று அறிவித்தார்.

'அடுத்த மாசம் அவர் வர்றார். சாப்பிடுவார், நாம சொல்றதைக் கேப்பார், போயிடுவார். ஒரே ஒரு கண்டிஷன். யாரும் அவரைப் பாடச் சொல்லக் கூடாது. கேட்டா எந்திரிச்சுப் போயிடுவேன்னு சொல்லிட்டார். புரியுதா?'

ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டார். என் முகத்தைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். எனக்குப் புரிந்தது என்று தலையாட்டினேன். உண்மையில் எனக்கு வேறொன்று புரிந்திருந்தது.

அதை விளக்க என் பெரியத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தாவின் அண்ணன். ஊரில் கல்யாண வீடுகளில் பாடுவார், நன்றாகவே பாடுவார். ஆனால் கேட்டவுடன் பாடிய சரித்திரம் கிடையாது. முதலில் தொண்டையைச் செருமுவார். 'தொண்டை கட்டியிருக்குப்பா, வேண்டாம்' என்பார். மறுபடி கேட்டால், 'இப்பல்லாம் பாடுறதை விட்டுட்டேன், வேண்டாம்' என்பார். மூன்றாவதாக யாராவது ஆர்மோனியப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் போதும், பந்தி முடிந்து சட்டி கழுவுகிறவரை நிறுத்த மாட்டார். ஒருமுறை வெளியூர் மாப்பிள்ளை ஒருத்தர் விவரம் தெரியாமல், 'தொண்டை சரியில்லையா? அப்ப ரெஸ்ட் எடுங்க மாமா' என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டோடு பெரியத்தா பேச்சை முறித்தவர்தான். அந்த மாப்பிள்ளை வாப்பாவாகி, பிள்ளைக்குப் பல் முளைத்த பிறகுதான் சமாதானம் ஆனார்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். தட்டை மறைக்கிற கைமேலேயே கறியைப் போடுகிற ஊர் எங்கள் ஊர். முதல் 'வேண்டாம்' என்பதை நம்புகிறவனை நாங்கள் மனிதனாகவே மதிப்பதில்லை.

ஆகவே, 'பாடச் சொல்லக் கூடாது' என்று டாக்கெட் சொன்னதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. இத்தனை வருஷமாக அந்த மனிதர் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த அமெரிக்கர்களும் சரி சார், ரெஸ்ட் எடுங்க சார் என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். முறையாகக் கேட்க இந்த மாநிலத்தில் ஒரு நாதி இல்லையா? ஏன் இல்லை, இளையான்குடி பஷீர் இருக்கிறேன்! (மேலே சொன்ன வீக்கம் மூளைக்கும் ஏறியிருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.)

அந்தச் சனிக்கிழமை வந்தது. ஷமீமா பெரிய அலுமினியத் தட்டில் கோழி பிரியாணி செய்து எடுத்துக்கொண்டாள். ஏழு வயது ஆயிஷாவும் வந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டார்லீன் வீட்டு டிரைவ்வேயில், கராஜுக்குப் போகும் ஒற்றை வண்டிப் பாதையில், ஒரு பழைய பிக்கப் நின்றது. அது அவருடைய வண்டி! அதைத் தொட்டுக்கொண்டு நிற்கட்டும் என்று என் மினிவேனை நேர் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

டாக்கெட் குஷன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்திருந்தார். பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். ஷமீமா மூன்றாவது முறை போடப் போனபோது வேண்டாம் என்றார், அவள் போட்டாள், அதையும் சாப்பிட்டார். நான் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஞாபகங்கள் ஆரம்பித்தன. பஸ் டிரைவர் மழைக் கதையைச் சொன்னார். டாக்கெட், 'அன்னைக்கு எனக்கு ஜலதோஷம் பிடிச்சு ஒரு வாரம் படுத்துட்டேன்' என்றார். எல்லோரும் சிரித்தோம். கேசட்காரர் சொன்னார். கேரி எழுந்து பெட்ரோல் பங்க் கதையைச் சொல்ல, டாக்கெட், 'அந்த வண்டிதான் வெளியே நிக்குது' என்றார். கேரியின் முகம் சிவந்துவிட்டது. ஒவ்வொரு ஞாபகத்துக்குப் பிறகும் மற்றவர்கள் கிடாரை எடுத்துப் பாடினார்கள். டாக்கெட் பாடவில்லை. ஆனால் அவருடைய இடது கை விரல்கள் தொடைமேல் கிடார் பிடிக்கிற மாதிரி அசைந்துகொண்டே இருந்தன. அதோடு, இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

பெரியத்தாவை அறிந்த எவனுக்கும் அதற்குமேல் அத்தாட்சி தேவையில்லை.

என் முறை வந்தது. எனக்கு அடுத்து டார்லீன் ஒருவர்தான் பாக்கி. அவர் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகும் பெண்ணைப்போல் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து, என் அடுப்படிக் கதையைச் சொல்லாமல், மிகவும் பணிவாக, 'சார், எங்களுக்காக ஒரே ஒரு பாட்டு' என்றேன்.



'வேண்டாம் தம்பி. நான் இப்பல்லாம் பாடுறதில்ல' என்றார் டாக்கெட். அச்சு அசல் பெரியத்தாவின் வசனம்! எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

'முழுப் பாட்டு வேண்டாம் சார், பாதி போதும்!'

'பஷீர்!' என்றார் டார்லீன்.

'வேண்டாம்னு சொன்னேன்' என்றார் டாக்கெட், இன்னும் மெதுவாக.

இரண்டு ஆகிவிட்டது. இனி ஆர்மோனியப் பெட்டிதான். நான் கேரியின் கையிலிருந்த கிடாரை வாங்கி (பிடுங்கினேன் என்று கேரி சொல்வார்), நேராகப் போய் டாக்கெட்டின் மடியில் வைத்தேன். வைத்துவிட்டு நாலு அடி பின்வாங்கி, பாட்டுக்காகக் கைகட்டி நின்றேன்.

டாக்கெட் அந்தக் கிடாரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை எடுத்து நாற்காலி ஓரத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். 'சாப்பாட்டுக்கு நன்றிம்மா' என்று டார்லீனிடம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள், எனக்கும் பதில் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். இவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டார்லீன், 'பரவால்ல, நீ வேணும்னு செய்யல' என்றார். சொல்லும்போது அவர் கோத்த கைகளைப் பிரிக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு வார்த்தையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்த மனுஷி. அதைச் சொல்வதற்கு ஒரே ஒரு நாற்காலி தூரத்தில் நான் புகுந்து கெடுத்துவிட்டேன். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷமீமா பக்கத்தில் வந்து தமிழில் பல்லைக் கடித்தாள். 'மச்சான், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க! போங்க, போய்க் கூட்டிட்டு வாங்க.'

'அவர்தான் வேண்டாம்னு சொல்லிட்டாரே…'

'இப்ப மட்டும் அது நல்லா விளங்குதாக்கும்! போங்கன்னா!'

ஓடினேன். டாக்கெட் போயிருக்கவில்லை. போக முடியவில்லை. அவர் பிக்கப்புக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்ற மினிவேனைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

'இது யாரோடது?'

'என்னுதுதான் சார்.'

'ஆமா, வேற யாரா இருக்கும்' என்றார். 'எடு.'

பாக்கெட்டைத் துழாவினேன். சாவி ஷமீமாவின் கைப்பையில் இருந்தது. அதைச் சொன்னதும் அவர் பிக்கப்பில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தால் அவர் போய்விடுவார். எடுத்துவராமல் நின்றால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. நான் நின்றேன். நின்றவன், வேறு வழி தெரியாமல் பெரியத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தொண்டை கட்டியது, ஆர்மோனியப் பெட்டி, ரெஸ்ட் எடுக்கச் சொன்ன மாப்பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

'அப்ப உங்க ஊர்ல ஒருத்தன் வேண்டாம்னு சொன்னா, எத்தனை தடவை கேப்பீங்க?'

'மூணு தடவை சார்.'

'மூணாவது தடவையும் வேண்டாம்னா?'

'அப்ப அது நிஜ வேண்டாம் சார். விட்டுடுவோம்.'

'நான் எத்தனை தடவை சொன்னேன்?'

எண்ணிப் பார்த்தேன். 'ரெண்டு சார். மூணாவது தடவை நீங்க எதுவும் சொல்லல. எந்திரிச்சு வந்துட்டீங்க.'

'சரி, இப்பச் சொல்றேன்' என்றார் டாக்கெட். 'வேண்டாம்.'

'ரொம்ப நன்றி சார்' என்றேன். நிஜமாகவே நன்றியாக இருந்தது.

அவர் வாய்க்குள் சிரித்தார் என்று நினைக்கிறேன், தொப்பி நிழலில் சரியாகத் தெரியவில்லை. பிறகு அவராகவே சொன்னார். 'எனக்குப் பிகு கிடையாது தம்பி. குரல் போச்சு. வீட்ல பாடிப் பார்த்தேன், எனக்கே காது கூசுது. உங்க எல்லார்கிட்டயும் அந்தப் பழைய குரல் பத்திரமா இருக்கு. நான் இப்பப் பாடினா வீட்டுக்குப் போறப்ப இந்தக் குரலைத்தான் கொண்டுபோவீங்க.'

வெட்கமாக இருந்தது. நான் கிடாரை வைத்தது ஒரு மனிதரின் புண்மேல் என்று தெரிந்தது.

'நீங்க பாட வேண்டாம் சார்' என்றேன். 'ஆனா டார்லீன் இன்னும் சொல்லல. அவங்க ஒண்ணை உங்ககிட்ட மட்டும்தான் சொல்லுவேன்னு வருஷக்கணக்கா வச்சிருக்காங்க. அதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. என்னை வேணும்னா வெளியே நிக்கச் சொல்லுங்க.'

டாக்கெட் கராஜ் பக்கம் பார்த்தார். 'சரி, வர்றேன். ஆனா நீ உள்ளதான் இருக்கணும். நீ பாடணும்.'

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். உள்ளே போய் உட்கார்ந்ததும், 'இந்தத் தம்பி இப்ப நமக்காகப் பாடப்போறார்' என்று அறிவித்துவிட்டார்.

'சார், எனக்கு… தொண்டை கொஞ்சம் சரியில்ல' என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

டாக்கெட் ஒரு விரலை உயர்த்தினார். 'ஒண்ணு.'

'சார், நான் பாடினதே இல்ல சார்.'

'ரெண்டு. முழுப் பாட்டு வேண்டாம், பாதி போதும்.' சொல்லிவிட்டு, சாய்த்து வைத்திருந்த கிடாரை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். எனக்குக் கிடாரை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டேன்.

பாடினேன். அவருடைய அடுப்படிப் பாட்டையே, அவர் முன்னாலேயே பாடினேன். மற்றவர்கள் மரியாதைக்குத் தங்கள் கிடார்களில் என் சுருதியைத் தேடினார்கள். கேசட்காரர் ஒரு இடத்தில் பிடிப்பார், அதற்குள் நான் அங்கிருந்து போயிருப்பேன். இன்னொரு இடத்தில் காத்திருப்பார், நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். இரண்டாவது சரணத்தில் ஒவ்வொருவராகக் கிடாரைக் கீழே வைத்துவிட்டார்கள். டார்லீன் வீட்டு நாய் எழுந்து வெளியே போனது. ஆயிஷா காகிதத் தட்டை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, 'அத்தா, ப்ளீஸ் ஸ்டாப்' என்றாள். ஷமீமா தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், தோள்கள் குலுங்கின. (வீடியோ எடுக்கிற போன் யாரிடமும் இல்லாத காலம். அல்லாஹ் காப்பாற்றினான்.) டாக்கெட் சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாதி போதும் என்றவர், பாதியில் நிறுத்த விடவில்லை. முடித்ததும், 'இதைவிட மோசமா இந்தப் பாட்டை ஒருத்தன் பாடிக் கேட்டிருக்கேன்' என்றார். 'போன வாரம், என் வீட்டு மாட்டுக் கொட்டகையில. நான்தான்.'

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் கிடாரைக் கேரியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்து டார்லீன்.

அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். 'முடியல. ரொம்ப வருஷமாச்சு. வேண்டாம், விட்டுடுங்க' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

அமெரிக்கர்கள் நாகரிகமானவர்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எல்லோரும் அவரைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கேரி காகிதத் தட்டுகளைச் சேகரிக்க எழுந்தார். எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது. ஷமீமா என் தொடையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள். நான் பேசவில்லை. அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

டாக்கெட்தான் பேசினார். 'நான் அதுக்குத்தான் திரும்பி வந்தேன்ம்மா.'

'அது சின்ன விஷயம். சொன்னா சிரிப்பீங்க. வேண்டாம்.'

டாக்கெட் என்னைத் திரும்பிப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் டார்லீனுக்கு எதிரில் போட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'எனக்காக' என்றார்.

டார்லீன் சொன்னார்.

அவருக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். இரண்டு பிள்ளைகளும் தூங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், அவன் இருக்கிற இடத்துக்குப் போன் பண்ணி, எப்படி வேண்டுமானாலும் இரு, திரும்பி வந்துவிடு என்று கெஞ்சப் போனாராம். போனைக் கையில் எடுத்துவிட்டார். ரேடியோவில் டாக்கெட் பாட ஆரம்பித்தார். பாட்டு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று நின்றாராம்.

'அது நீளமான பாட்டு' என்றார் டார்லீன். 'முடிஞ்சிடும்னு நினைச்சேன், அதுக்கப்புறம் இன்னொரு சரணம் வந்துச்சு. அதுக்குள்ள அடுப்புல காபி பொங்கிடுச்சு. அதைத் துடைச்சேன். துடைச்சு முடிச்சப்ப, கெஞ்சணும்கிற அந்த எண்ணம் போயிடுச்சு. போனை வச்சுட்டேன். அப்புறம் என்னைக்குமே அவனுக்குப் போன் பண்ணல. பிள்ளைங்களை நானே வளர்த்தேன். இதை உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன், அவ்வளவுதான். நீங்க என்னைக் காப்பாத்திட்டதா நினைச்சுக்காதீங்க. பாட்டு நீளமா இருந்துச்சு.'

டாக்கெட் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

'ரெக்கார்ட் கம்பெனிக்காரன் அந்தக் கடைசிச் சரணத்தை வெட்டச் சொன்னான்மா' என்றார். 'ரொம்ப நீளம், ரேடியோவுக்கு ஆகாதுன்னான். ரெண்டு நாள் அவனோட சண்டை போட்டு அதை வச்சேன். எதுக்காக அவ்வளவு சண்டை போட்டேன்னு எனக்கே இத்தனை நாள் தெரியாது.'

டார்லீன் அழுதார். நானும் அழுதேன். மூக்கைச் சிந்திய சத்தம் என்னுடைய பாட்டைவிடச் சுருதியாக இருந்தது என்று கேரி பிற்பாடு ஆபீஸில் சொன்னார்.

அதற்குப் பிறகும் டாக்கெட் சில சனிக்கிழமைகள் வந்தார். ஒருநாளும் பாடவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. பிரியாணி மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து வேண்டாம் என்ற சொல்லுக்கு இலக்கம் வந்துவிட்டது. பால் குடிக்க மறுத்தால்கூட ஆயிஷா, 'அத்தா, தட்ஸ் மை தேர்ட் நோ' என்று விரலைக் காட்டுவாள். அவளுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. நிக்காஹ் அன்று, சாப்பாடு முடிந்து இரண்டு வீட்டாரும் வட்டமாக உட்கார்ந்திருந்த நேரத்தில், மாப்பிள்ளையின் வாப்பா, நல்ல மனுஷர், விவரம் தெரியாமல், 'சம்மந்திக்குப் பாட்டுல ரொம்ப இஷ்டமாமே, ஒண்ணு பாடுங்களேன்' என்றார். நான் லேசாகத் தொண்டையைச் செருமினேன்.

செருமி முடிப்பதற்குள் ஷமீமா எழுந்துவிட்டாள்.

'வேண்டாம், வேண்டாம், வேண்டாம். மூணையும் உங்களுக்காக நானே சொல்லிட்டேன் மச்சான், உட்காருங்க.'